அமல்

தோஹாவின் நஜ்மாவில், அரபியில் ஓடும் விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களான பிராசஸ்களுக்குத் தலைப்பு ‘அமலியாத்’. ஒருமை ‘அமலியா’, அறுவை சிகிச்சைக்கும் அதே சொல்தான். வேர் ‘அமல்’, அதாவது செயல். அதே வேரில் வந்த ‘அமில்தார்’, நவாபு காலத்தில் வரி வசூலித்த அதிகாரி. வளைகுடாவில் இன்று ‘ஆமில்’ என்றால் தொழிலாளி. நம்மிடமோ சட்டம்தான் அமலுக்கு வருகிறது! பிராசஸுக்குத் தமிழில் ‘செயல்முறை’ என்கிறார்கள். அது செய்யும் விதம். சமையல் குறிப்புக்குப் பொருந்தும். யூனிக்ஸில் ஒரு பிராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிள்ளை பெறுகிறது (அந்த ‘ஃபோர்க்’குக்குக் ‘கவை’ என்ற பழஞ்சொல் கச்சிதம்). முடிந்துபோன பிள்ளையும், தாய் விசாரிக்கும்வரை பட்டியலில் பேயாக நிற்கும். பிறப்பும் முடிவும் உள்ள இதற்கு என் தேர்வு ‘வினை’. நிறுத்தியதும் ‘வினை தீர்ந்தது’ என்று சொல்லிக்கொள்ளலாம்.