துயிலா இரவும் மதுவிலக்கு வரலாறும்

இலங்கையின் மதுவிலக்கு வரலாறு பெரும்பாலும் தவறணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1904இல் தென்மேற்குப் பகுதியில் எழுந்த கிளர்ச்சியும், 1912ஆம் ஆண்டின் கலால் சட்டத்துக்கு எதிரான இயக்கமும், வாக்கெடுப்பினால் தவறணைகளை மூடிய முயற்சிகளும் அதில் இடம்பெறுகின்றன. தவறணை மூடப்பட்டபின் குடித்துப் பழகியவன் இரவை எங்ஙனம் கழித்தான் என்னும் வினா எழுவது அரிது.

மருத்துவ வரலாறு அவ்வினாவுக்கு விடை தருகின்றது. 1813இல் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், குடிகாரரிடம் கண்ட நடுக்கம், பிதற்றல், துயிலின்மை ஆகியவற்றைத் தனி நோயாக வகுத்து, அபினால் உறங்கவைக்க முயன்றார். மதுவைத் திடீரென நிறுத்துவதே அந்நிலைக்குக் காரணமாகும் என்பதை 1955இல் ஹரிஸ் இஸ்பெல் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு தெளிவுபடுத்திற்று. மது மூளையின் கிளர்ச்சியை அடக்குகின்றது. நாளடைவில் மூளை அதற்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. மது நீங்கியதும் கிளர்ச்சி கட்டவிழ்கின்றது. உறக்கம் சீர்பெற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் செல்லும். உறக்கம் வேண்டி மீண்டும் குடிப்போர் பலர்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களில் இப்பிரச்சினை வேறொரு வடிவம் பெறுகின்றது. மது விலக்கப்பட்ட சமூகத்தில் குடிப்பவன் மறைந்து குடிக்கின்றான். விடும்போதும் மறைந்தே விடுகின்றான். வைத்தியரிடம் துயிலின்மையைக் கூறுபவன் அதன் காரணத்தைக் கூற நாணுகின்றான். காரணம் அறியாது வழங்கும் தூக்கமாத்திரை புதியதோர் அடிமைத்தனத்துக்கு வழிகோலலாம். மிகுதியாகக் குடித்தவன் மருத்துவத் துணையின்றித் திடீரென நிறுத்தின், வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். எனவே இங்கு நாணம் உயிரையே விலையாகக் கேட்கின்றது.

இச்சமூகத்தின் சமய வரலாறே இதற்கொரு பாடம் தருகின்றது. திருக்குர்ஆனின் மதுத்தடை ஒரே நாளில் அருளப்பட்டதன்று. மதுவின் தீமை அதன் பயனிலும் பெரிதென முதலில் உணர்த்தப்பட்டது. போதையில் தொழுகையை அணுகலாகாதெனப் பின்னர் விதிக்கப்பட்டது. இறுதியிலேயே முழுத்தடை வந்தது. தடை தளர்வுக்குரியதென்பது இதன் பொருளன்று. மனிதப் பழக்கம் படிப்படியாகவே மாறும் என்னும் உண்மை ஈண்டு மதிக்கப்பட்டுள்ளது. பின்னிரவுத் தஹஜ்ஜுத் தொழுகையை அறிந்த ஊர்களில், விழித்திருக்கும் இரவு முற்றிலும் வெறுமையானதன்று. ஆயினும் தொழுகை மனத்துக்கு ஆறுதல் அளிக்கும்போது உடலுக்கு மருத்துவமும் வேண்டும்.

1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையும், 2006இல் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையையும் அரசு சட்டத்தால் நிறுவிற்று. சட்டம் கடையைக் கட்டுப்படுத்தவல்லது. குடியை விட்டவனின் நள்ளிரவைக் காப்பது குடும்பமும், பள்ளிவாசலும், வைத்தியரும் சேர்ந்து ஆற்றவேண்டிய பணியாகும். அதற்கு முதற்படி, அவன் நாணமின்றி உண்மையைக் கூற இடமளிப்பதே.