காலைச் சாப்பாட்டு மேசையும் மனக்கண்ணும்

இன்று காலை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? கண்ணை மூடி அந்த மேசையை நினைத்துப் பாருங்கள். தட்டு தெரிகிறதா? நிறத்தோடு தெரிகிறதா, மங்கலாகவா, அல்லது ஒன்றுமே தெரியவில்லையா?

இது நான் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் பலரிடம் கேட்டு, 1880-இல் 'மைண்ட்' என்ற ஆய்விதழில் வெளியிட்ட கேள்வி. இவர் சார்லஸ் டார்வினுக்கு உறவினர். டார்வினும் பதில் எழுதியிருக்கிறார். (மனித இனத்தைப் பொறுக்கி வளர்க்க வேண்டும் என்ற 'யூஜெனிக்ஸ்' கொள்கைக்குப் பெயர் வைத்த புண்ணியவானும் இவரே. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

கால்ட்டன் முதலில் தனக்குத் தெரிந்த விஞ்ஞானிகளைக் கேட்டார். அவர்களில் பெரும்பாலோர், அப்படியெல்லாம் மனதில் படம் வராது, 'மனக்கண்' என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வது என்று பதில் அனுப்பியதாக எழுதுகிறார். பிறகு மற்றவர்களைக் கேட்டால், பல பெண்களும் சிறுவர் சிறுமியரும் படம் பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். அவருடைய பதில் தாள்களை மறுபடி படித்த பிற்கால ஆய்வாளர்கள், விஞ்ஞானிகளைப் பற்றி அவர் சொன்னது மிகை என்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் இதில் பெரிய வித்தியாசம் உண்டு என்ற அடிப்படை விஷயம் மட்டும் இன்றுவரை நிற்கிறது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் உளவியலாளர்கள் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. அடுத்தவர் மண்டைக்குள் இருப்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

1978-இல் இத்தாலியிலிருந்து ஓர் அழகான ஆய்வு வந்தது. பிசியாக், லுசாட்டி என்ற இருவர் செய்தது. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டு, இடப்பக்கம் இருப்பவற்றைக் கவனிக்க முடியாமல் போன இரண்டு நோயாளிகள். இருவருக்கும் மிலான் நகரத்துக் கதீட்ரல் சதுக்கம் நன்றாகத் தெரியும். "கதீட்ரலைப் பார்த்தபடி எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். இடப்பக்கம் பெரும்பாலும் விடுபட்டது. "சரி, இப்போது கதீட்ரல் வாசலில் நின்று இந்தப் பக்கம் பாருங்கள்." முன்பு விடுபட்ட கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டன அல்லவா? அவற்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை மறைந்துபோயின! நினைவு அழியவில்லை, உள்ளே பார்க்கும் பார்வைதான் பாதியாகியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

படம் முழுவதுமாகவே போய்விட்டால்? எடின்பரோவில் 65 வயது மனிதர் ஒருவர். கட்டட அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட பிறகு மனதில் படமே வரவில்லை. நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமன் குழுவினர் அவரைச் சோதித்து 2010-இல் எழுதினார்கள். தெரிந்த முகங்களைப் பார்க்கும்போது அவர் மூளை மற்றவர்களுடையதைப் போலவே வேலை செய்தது. அதே முகங்களை நினைக்கச் சொன்னால், பார்வைக்கான பின்பகுதிகள் அடங்கியிருந்தன. முன்பகுதி கூடுதலாக உழைத்தது. ஆனாலும் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியான விடை சொன்னார்! படம் இல்லாமலே அவருக்கு விவரம் தெரிந்திருந்தது.

இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "எங்களுக்குப் பிறவியிலிருந்தே இப்படித்தான்" என்று பலர் எழுதினார்கள். அவர்களில் 21 பேரை வைத்து 2015-இல் ஜீமன் இதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயரிட்டார்.

நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் மட்டும் பேசாமல் வந்தார். மனைவி போய் நான்கு வருடமாகிறது. கண்ணை மூடினால் அவர் முகம் வருவதே இல்லையாம். "நான் சரியாப் பாசம் வைக்கலையோன்னு நினைச்சிட்டிருந்தேன் சார்" என்றார். ஒரு பெயர் இத்தனை நாள் மனதில் கிடந்த பாரத்தை இறக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

சரி, ஓவியர்கள்? மனதில் முதலில் படம் தெரியும், பிறகு கை அதைக் காப்பி எடுக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல், வளைந்த பரப்புகளைக் கணினியில் வரையும் வழிகளை உருவாக்கியவர். டூரிங் விருது பெற்றவர். தியானத்தின்போது ஓர் உருண்டையை மனதில் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு பிக்சாரில் சுமார் 540 பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஓவியர்களைவிடத் தயாரிப்பு மேலாளர்களுக்குத்தான் மனப்படம் தெளிவாக இருந்ததாம்! என் பள்ளி நாட்களில், "மனசுல படமே ஓடாதவனுக்கு டிராயிங் எதுக்கு?" என்று பையன்களை உட்கார வைத்த ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். அவர் இதைப் படிக்க வேண்டும்.

'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் ஏரியலை வடிவமைத்து உயிர் கொடுத்த கிளென் கீனுக்கும் மனப்படம் கிடையாது என்று கேட்மல் சொல்கிறார். கீன் வரைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் வெறும் கிறுக்கல். கோட்டின் மேல் கோடு. அதற்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முகம் வரும். நமக்கு மண்டைக்குள் நடப்பது அவருக்குக் காகிதத்தில் நடக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த முகத்தை அவரே முதன்முதலில் பார்ப்பது அங்கேதான்.