நம்பர் நூலும் நம்பிக்கை முத்திரையும்

விக்கிரமசிங்கபுரத்துக்கு ஆலையைக் கொண்டுவந்தது பாபநாசத்துத் தண்ணீர். மலையிலிருந்து விழும் தாமிரபரணியின் விசையைக் கொண்டு 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை அமைத்தார்கள். பிற்காலத்து மதுரா கோட்ஸ் நிறுவனத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. கைராட்டை நூல் சந்தைக்கு வந்த நாளில் நெசவாளி நூற்றவளின் முகம் பார்த்து வாங்கினார். ஆலை நூலுக்கு முகம் கிடையாது. அந்த இடத்தை நம்பர் பிடித்தது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு ராத்தலுக்கு 40 சிட்டம், சிட்டத்துக்கு 840 கஜம். 36-ஆம் நம்பரை 40 என்று விற்றால் ராத்தலுக்கு 3,360 கஜம் குறையும். வீரவநல்லூரிலோ கல்லிடைக்குறிச்சியிலோ பாவு ஓட்டுபவரிடம் அந்தப் பொய் அதிக நாள் நிற்காது. ஒரு தராசு போதும். சட்டமும் துணைக்கு வந்தது. 1889-ஆம் ஆண்டின் வணிகப் பொருள் குறிச் சட்டம் பொய்க் குறியைக் குற்றமாக்கியது. நூல் கட்டின்மேல் எடையும் நம்பரும் இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும் சொல்கிறது. வாங்குபவர் சோதிக்கலாம், பொய் சொன்னவர் தண்டனை பெறுவார்: குறியின் மதிப்பு இந்த இரண்டிலும்தான் இருந்தது.

இணையதளங்களின் தனியுரிமை முத்திரைக்கு இந்த இரண்டுமே உரிய காலத்தில் வாய்க்கவில்லை. அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய டிரஸ்ட்-ஈ அமைப்பு, வாடிக்கையாளர் விவரங்களை ஒழுங்காகக் கையாளும் தளங்களுக்கு முத்திரை வழங்கியது. முத்திரைக்குப் பணம் கட்டியவர்கள் சோதனைக்கு உள்ளான தளக்காரர்களே. முத்திரை பெற்ற தளங்கள், பெறாதவற்றைவிட நம்பத்தகாதவையாக இருக்க இரு மடங்குக்கு மேல் வாய்ப்புண்டு என்று 2006-இல் ஆய்வாளர் பென் எடல்மன் காட்டினார். 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை ஆண்டு மறுசோதனையே நடக்கவில்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் குற்றம்சாட்டியது. 2 லட்சம் டாலர் கட்டி அந்த அமைப்பு வழக்கை முடித்துக்கொண்டது. அத்தனை ஆண்டுகளும் வாங்குபவர்களுக்கு அது தெரிய வழியில்லை. நம் கைப்பேசி எண் யார் யாருக்குப் போனது என்று நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது?

அப்படியானால் சட்டம் போதும், முத்திரை எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அபராதம் விவரம் கசிந்த பிறகு வருவது. வாங்குபவர் முடிவெடுப்பது அதற்கு முன்னால். அரசு முத்திரையிலும் போலி உண்டே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். அதனால்தான் 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயமானது. அதை பிஐஎஸ் கேர் செயலியில் யாரும் சரிபார்க்கலாம். நெசவாளியின் தராசு அங்கே வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அறிவிக்கும் முக்கியமான தரவு நிறுவனங்கள் சுதந்திரத் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. அந்தத் தணிக்கை யாரால், எந்தத் தேதியில் நடந்தது, எதுவரை செல்லும் என்பது பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பொய்ச் சான்று தருபவருக்கும் தண்டனை வேண்டும். அதுவரை, சரிபார்க்க வழியில்லாத முத்திரையை வெறும் படமாகவே நாம் கொள்ள வேண்டும்.