குடையை இறக்கின கதை

ஏத்தினப்போ தெருவே கூடி நின்னு வேடிக்கை பார்த்துச்சாம். இறக்கினப்போ நாங்க ஆறு பேர், கூட ஒரு தெருநாய். அவ்வளவுதான்.

பெங்களூர் லிங்கராஜபுரத்துல நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு மொட்டைமாடியில 12 அடி டிஷ் ஒண்ணு ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்தது. அலுமினியக் கம்பிவலை, எட்டு இதழ், நடுவுல மூணு கம்பி சேர்ற இடத்துல காக்கா கூடு. நம்ம ஊர்ப்பக்கம் இதைக் குடைன்னுதான் சொல்லுவோம். மழைக்குப் பிடிக்க முடியாத குடை. நான் குடி வந்தப்பவே அது செத்துப் போன குடை. துணி காயப்போடுற கயித்தோட ஒரு நுனி அதுலதான் கட்டியிருந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஏப்ரல் மாசம், கோடை மழைக்கு முன்னாடி அடிக்குமே அந்தக் காத்து, அதுல ராத்திரி முழுக்க மேல "க்ரீச் க்ரீச்"னு சத்தம். என் கட்டில் நேர் கீழே. காலையில வீட்டுக்கார அம்மா மேல வந்து பார்த்துட்டு "பீளத்தெ கணப்பா, தெகெசிபிடி"ன்னாங்க. விழுந்துடும்பா, எடுத்துடுன்னு அர்த்தம். இதுக்கெல்லாம் கன்னடம் தெரியணும்னே இல்லை, முகத்தைப் பார்த்தாலே போதும்.

முதல்ல குஜரிக் கடையில இருந்து (நம்ம காயலான் கடைதான்) ஒருத்தர் வந்தார். கேஸ் கட்டர் வெச்சு அடியில அறுத்து, பக்கத்து காலி சைட்டு பக்கமா தள்ளிவிட்டுடலாம், அரை மணி நேர வேலைன்னார். அந்த சைட்டுல சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. சைட்டுக்கும் நமக்கும் நடுவுல கரண்ட் கம்பி போகுது. வேண்டாம்னுட்டேன். அப்புறம் தெருத்தெருவா விசாரிச்சு, அதை ஏத்தின ஆளையே பிடிச்சேன். பேர் எதுக்கு, கேபிள் அண்ணன்னு வெச்சுக்குவோம். திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து தாத்தா காலத்துலயே இங்க வந்த குடும்பம். வயசு அறுபதுக்கு மேல. விஷயத்தைச் சொன்னதும் முதல் கேள்வி, "இன்னும் நிக்குதா சாரு அது?"

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

டிஷ்ஷுக்கும் கர்நாடகாவுக்கும் உள்ள சம்பந்தம் கேபிள் டிவியை விடப் பழசு. 1975 ஆகஸ்ட் 1-ல் இருந்து 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவோட ஏடிஎஸ்-6 சேட்டிலைட்டை ஒரு வருஷம் இரவல் வாங்கி இஸ்ரோ நடத்தின சைட் திட்டத்துல, ஆறு மாநிலங்கள்ல 2400 கிராமத்துக்கு டிவி காட்டினாங்க. குல்பர்கா, ராய்ச்சூர், பிஜாப்பூர் பக்கத்துக் கிராமங்களும் அதுல உண்டு. கோழிக்கூண்டு வலையில செஞ்ச 10 அடி டிஷ். 1981-ல் ஆப்பிள் சேட்டிலைட்டை இங்க மாட்டு வண்டியில ஏத்தி நிக்க வெச்ச போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஏழ்மைன்னு நினைச்சு சிரிப்பாங்க. நிஜத்துல, ஆன்டெனா சோதனைக்கு இரும்பு இல்லாத மேடை வேணும், மரவண்டி தோதா அமைஞ்சது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த ஊருக்கு வந்தப்போ அவங்க டிஷ்ஷும் மாட்டு வண்டியில வந்ததா ஒரு கதை சொல்வாங்க. நான் சோறு தின்கிற தொழிலோட பிள்ளையார்சுழி அது. 2008-ல் சந்திரயான்-1 பேச்சைக் கேட்க ஊருக்கு வெளியே பியாலாலுவில 32 மீட்டர் டிஷ் நிறுத்தினாங்க. அதுக்கெல்லாம் இன்ஜினியர் இருக்கார், ஃபைல் இருக்கு. எங்க மொட்டைமாடிக் குடைக்கு ஒரு ஃபைலும் கிடையாது.

1991 ஜனவரியில வளைகுடாப் போரை சிஎன்என் காட்டினப்போ பெரிய ஹோட்டல்கள்ல டிஷ் முளைச்சது. அதே வருஷம் ஸ்டார் டிவி, ஏசியாசாட்-1 வழியா. இந்த ஏசியாசாட்-1 பத்தி ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது செகண்ட் ஹேண்ட் சேட்டிலைட். முதல்ல அதோட பேர் வெஸ்டார்-6. 1984 பிப்ரவரியில விண்வெளி ஓடத்துல இருந்து விட்டாங்க, மேல தூக்கிட்டுப் போக வேண்டிய மோட்டார் சரியா எரியல, பாதி வழியில அனாதையா சுத்திட்டு இருந்தது. அதே வருஷம் நவம்பர்ல டிஸ்கவரி ஓடத்துல போன ஜோ ஆலனும் டேல் கார்ட்னரும் அதையும், அதே கதியான இந்தோனேசியாவோட பலாபா-பி2-வையும் பிடிச்சு பூமிக்கு இறக்கிட்டு வந்தாங்க. பலாபாவுக்குன்னு செஞ்சு எடுத்துட்டுப் போன கிளாம்ப் பொருந்தவே இல்லை. கார்ட்னர் மாட்டி முடிக்கிற வரைக்கும், பூமியை ஒரு சுத்து சுத்தி வர்ற நேரம், ஆலன் அரை டன்னுக்கு மேல இருக்கிற அந்த உருளையைக் கையாலயே பிடிச்சுட்டு இருந்தார். வேலை முடிஞ்சதும் "விற்பனைக்கு"ன்னு ஒரு அட்டையைப் பிடிச்சு போட்டோ வேற :-) அந்த வெஸ்டாரைத் தட்டிக்கொட்டி, பேர் மாத்தி, 1990 ஏப்ரல்ல சீன ராக்கெட்டுல ஏத்தினதுதான் ஏசியாசாட்-1. எங்க குடை முதல்ல நிமிர்ந்து பார்த்தது அதைத்தான். இங்கிருந்து பார்த்தா கிழக்குல கொஞ்சம் தெற்கே தள்ளி, 54 டிகிரி உயரத்துல. மார்ச்சிலயும் செப்டம்பர் கடைசியிலயும் சில நாள் காலை பத்து மணிவாக்குல சூரியன் சரியா அதுக்குப் பின்னாடி வந்து நிக்கும், படம் சில நிமிஷம் பொரிஞ்சு போயிடும். "அந்த நேரத்துல போன் எடுக்கவே மாட்டேன் சாரு, அத்தினி வசவு"ன்னார் அண்ணன்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. இந்தத் தெருத் தமிழாளுங்களுக்கு அதுதான் நிஜமான டிவி. அதுக்குன்னே அண்ணன் கடன் வாங்கி இன்னொரு குடை வெச்சார். மாடிப்படிக்குக் கீழே எட்டுக்கு எட்டு கண்ட்ரோல் ரூம், ஸ்கூட்டர்ல கேபிள் சுருள், வீடு வீடா மாச வசூல். காவிரித் தகராறு வந்தா மட்டும் தமிழ் சேனல் நின்னுடும். 2002-ல் நின்னது, 2016-ல் கூட நின்னது. "அவனவன் பயம் அவனவனுக்கு. நானே ஒயரைப் புடுங்கிட்டு, நானே வீட்டுல உக்காந்து பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிக்கினு இருந்தேன்"னு சிரிச்சார். அவ்வளவு சிரிப்பா இல்லை அந்தச் சிரிப்பு.

குடையைக் கொன்னது சேட்டிலைட் இல்லை. மேல இருக்கிறது மேலயேதான் இருக்கு. 2011 கடைசியில கேபிள் சட்டத்தைத் திருத்தி, ரெண்டாம் கட்டத்துல பெங்களூரோட சேர்த்து 38 ஊருக்கு 2013 மார்ச் 31 கெடு வெச்சாங்க. எல்லா வீட்டுக்கும் பாக்ஸ். சிக்னலைப் பெரிய கம்பெனி ஒரே இடத்துல பிடிச்சு ஃபைபர்ல அனுப்பும், தெருக் கேபிள்காரர் வாங்கிப் பகிர்ந்தா போதும். அதுக்கு முன்னாடியே சின்னத் தட்டு டிடிஎச் பாதி வீட்டைக் கொண்டு போயிருந்தது. அண்ணனோட கண்ட்ரோல் ரூம் ஒரே வருஷத்துல செருப்பு வைக்கிற இடமாச்சு. பாக்ஸ் வரணும், வரணும்னு அத்தனை பேர் அத்தனை பேசினாங்க. மேல நிக்கிற இரும்பை யார் இறக்கறதுன்னு யாரும் பேசின மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

விட்டு வெச்சா என்ன ஆகும்? போர்ட்டோ ரிக்கோவுல அரெசிபோ ரேடியோ டெலஸ்கோப், 305 மீட்டர் கிண்ணம். 2020 ஆகஸ்ட்ல ஒரு கேபிள் கழண்டது, நவம்பர்ல இன்னொண்ணு அறுந்தது. ரிப்பேர் பண்ண ஆளை மேல அனுப்புறதே ஆபத்து, பத்திரமா இறக்கிடலாம்னு நவம்பர்ல முடிவெடுத்தாங்க. திட்டம் போட்டுட்டு இருக்கும்போதே டிசம்பர் 1-ம் தேதி 900 டன் மேடை கிண்ணத்து மேல விழுந்தது. அவ்வளவு படிச்சவங்களுக்கே அந்த கதி. நல்லவேளை, கீழே ஆள் யாரும் இல்லை.

அண்ணன் உடனே ஏறல. மூணு நாள் சாயங்காலம் வந்து எல்லா நட்டுக்கும் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து விட்டுட்டுப் போனார். சுத்தியலால பைப்பைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு, காத்து எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சோம். கம்பிவலைதானே, காத்து புகுந்து போயிடும்னு நான் நினைச்சிருந்தேன். அழுக்கும் ஈரமும் அடைச்சா அது பலகைதான். முழுப் பலகையா இருந்தா 60 கிலோமீட்டர் வேகக் காத்துல அந்த அகலத்துக்கு 200 கிலோவுக்கு மேல தள்ளும். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுக்கிட்டு, 1998-ல் தன்னோட பையன் ஒருத்தன் (வேலைக்கு இருந்த பையன்) ஒரே ஒரு இதழைக் கையில பிடிச்சுட்டு நின்னப்போ காத்து அவனோட சேர்த்துத் தூக்கிட்டுப் போய் ரெண்டு மாடி கீழே போட்டதைச் சொன்னார். இடுப்பு எலும்பு. இப்பவும் ஒரு காலைச் சாய்ச்சுதான் நடக்கிறானாம். மாசாமாசம் அண்ணன் போய்ப் பார்த்துட்டு வர்றார்.

முதல்ல கேபிளோட மறுமுனையைத் தேடிக் கழட்டினார். செத்த ஒயர்னு நம்பி வெட்டக் கூடாதாம், நடுவுல எவனாவது எங்கயாவது சேர்த்திருப்பான். அப்புறம் எல்என்பி, ஃபீட் ஹார்ன், மூணு கம்பி. காக்கா கூடு காலிதான்னு பார்த்துட்டு எடுத்தோம். அதுக்கப்புறம்தான் முக்கியமான கட்டம். டிஷ்ஷை வானத்தைப் பார்த்து மல்லாக்கத் திருப்பணும். அப்போ காத்து பிடிக்காது, எடையும் பைப் மேல நேரா உட்காரும். சாய்வைப் பிடிச்சிருக்கிற போல்ட்டை நான்தான் ஸ்பேனரும் கையுமா லூஸ் பண்ணினேன். நாலு பக்கமும் கயிறு கட்டின அப்புறம்தான் தொடணும்னு சொல்லியிருந்தார், மூணு பக்கம்தான் கட்டியிருந்தது. "ஏய்!"னு ஒரு சத்தம். மொத்த டிஷ்ஷும் கரண்ட் கம்பிப் பக்கமா தலையை ஆட்டுச்சு. கட்டியிருந்த மூணு கயித்துல ஒண்ணை அவரோட மச்சான் கைப்பிடிச் சுவர்ல காலை உதைச்சுப் பிடிச்சதுல நின்னது. அஞ்சு நிமிஷம் யாரும் பேசல. எனக்கு ஆலன் ஞாபகம் வந்தது. ஒருத்தன் கழட்டணும்னா இன்னொருத்தன் பிடிச்சுட்டே இருக்கணும், அங்கேயும் அதான், இங்கேயும் அதான்.

நாலாவது கயித்தையும் கட்டி மல்லாக்கினதும் வேலை சுலபம். ஒரு இதழ் எடுத்தா அடுத்து அதுக்கு எதிர் இதழ். ஒரே பக்கமா எடுத்துட்டுப் போனா மிச்சப் பக்கம் கவிழ்த்துடும். ஏத்தினதைத் திருப்பிச் செஞ்சா இறக்கறதுன்னு நினைக்கறோம், அப்படி இல்லை. ஏத்தினப்போ நட்டு புதுசு, அவருக்கு வயசு முப்பது. ஒவ்வொரு இதழையும் கயித்துல கட்டி மாடிப்படி வழியாதான் இறக்கினோம், ஒண்ணையும் வீசல. பத்து மணிக்குள்ள வெறும் பைப் மட்டும்தான்.

அந்தப் பைப்போட அடிப்பக்கத்தை அண்ணன் கட்டைவிரலால அழுத்தினார். விரல் உள்ளே போச்சு. மேல்மூடி எப்பவோ பறந்து போய், வருஷக்கணக்கா மழைத்தண்ணி உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிச்சிருக்கு. வெளியே பெயின்ட் அப்படியே இருந்தது. அவர் மூணு நாளா தட்டித் தட்டிக் கேட்டது இதைத்தான். முதல்லயே ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா நீ ஏறியிருப்பியா சாரு?"

அலுமினியத்தை குஜரிக்காரரே எடுத்துட்டுப் போனார். காசை அண்ணன் ரெண்டா பிரிச்சு ஒண்ணைத் தனியா மடிச்சு வெச்சுக்கிட்டார், யாருக்குன்னு கேட்கல. எல்என்பியை மட்டும் துணியில சுத்தி ஸ்கூட்டர் டிக்கியில போட்டுக்கிட்டார். தரையில நீட்டிட்டு இருந்த நாலு போல்ட்டையும் அறுத்துடலாம்னு பிளேடு எடுத்தப்போ வீட்டுக்கார அம்மா தடுத்துட்டாங்க. துணி காயப்போட அதே இடத்துல ஒரு கம்பம் நிறுத்தணுமாம்.