தொம்பையும் தூளியும்: கொல்லிமலை முதுமையின் பயிர் வரலாறு

கொல்லிமலையில் முதியோரின் நிலை மாறிய விதத்தை அறிவதற்குக் குடும்ப வரலாற்றைக் காட்டிலும் பயிர் வரலாறே தெளிவான சான்றாக அமைகிறது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் விரிந்துள்ள இம்மலையில் பெரும்பான்மையினராக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் என்னும் மரபுக்கதை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதிகளில் இடம்பெற்றுள்ளது.

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பிப் பயிரிட்ட காலத்தில், கதிர் முற்றியதும் அடுத்த பருவத்துக்குரிய மணியைத் தேர்ந்து, உலர்த்தி, தொம்பை எனப்படும் தானியக் கூட்டிலிட்டுக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களுடையதாக, அவர்களுள்ளும் அனுபவம் மிக்க மூத்தோருடையதாக இருந்தது. விரைவில் விளையும் கட்டவெட்டிச்சாமையை எங்கே விதைப்பது, நாள் எடுத்து விளையும் பெருஞ்சாமைக்கு எந்தச் சரிவு ஏற்றது என்பனவற்றை இளையோர் அவர்களிடமே கேட்டறிய வேண்டியிருந்தது. மகனும் மருமகளும் காட்டுவேலைக்குச் சென்ற பகற்பொழுதில் தூளியை, அதாவது சேலையால் கட்டிய தொட்டிலை, ஆட்டிய கையே விதையையும் காத்ததால், பேரக்குழந்தை வளர்ப்பு முதுமையின் மீது ஏற்றப்பட்ட தனிச்சுமையாக நில்லாமல், சொல்லுக்கு மதிப்புள்ள ஒரு நிலையின் பகுதியாக அமைந்தது. அடுத்த தலைமுறையைப் பேணி உருவாக்கும் ஈடுபாட்டை வாழ்வின் ஒரு படிநிலையாக 1950இல் வகுத்துரைத்த உளவியலாளர் எரிக் எரிக்சன் அதனை நடுவயதுக்குரியதாகக் கொண்டார். கொல்லிமலையில் அது முதுமைவரை நீண்டது எனலாம். எனினும் அவ்வாழ்வை மிகையாகப் போற்றவும் இடமில்லை: கடினமான உமியுடைய சாமையை உரலிலிட்டுக் குத்தும் உழைப்பும் பெண்களையே சேர்ந்தது.

1940களில் சேலத்தில் தோன்றிய ஜவ்வரிசித் தொழில் வளர்ந்து, மலைக்குச் சாலையும் வந்தபின், ஆலைகளுக்கு விற்கக்கூடிய மரவள்ளி சாமை நிலங்களைப் பிடித்துக்கொண்டது. அதனால் வீடுகளில் ரொக்கம் புழங்கியது உண்மையே. ஆனால் மரவள்ளி, முந்தைய பயிரின் தண்டை வெட்டியெடுத்த குச்சியால் நடப்படுவது; அதற்குத் தொம்பை வேண்டா, மணி தேரும் கண்ணும் வேண்டா. விதைப் பொறுப்பு நீங்கிய மூத்த பெண்ணிடம் பேரக்குழந்தை மட்டும் எஞ்சியது.

1990களிலிருந்து இங்குப் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், நாட்டு இரகங்களைக் காத்துவந்த உழவர்களின் அறிவைக் கொண்டே சமூக விதை வங்கிகளை அமைத்ததோடு, உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. குத்தும் உழைப்பு அதனால் குறைந்தது. மரவள்ளி பிடித்த நிலமோ பெரும்பாலும் சாமைக்குத் திரும்பவில்லை, மூத்த பெண்களின் பழைய சொல்மதிப்பும் அந்நிலத்தோடே போயிற்று என்று கொள்வதே பொருந்தும்.