ரப்பர் நட்டவர் கண்ட குடுவைச் செடி

கோலகங்சாரில் பழைய ரப்பர் மரமொன்று போற்றிக் காக்கப்பட்டு நிற்பதை நேயர்களிற் பலர் கண்டிருக்கக் கூடும். 1877-ம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9 கன்றுகள் பேராக்கிற்குக் கொண்டுவரப்பட்டு அவ்வூரில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சியது அம்மரம் என்பர். அக்கன்றுகளைப் பேணி வளர்த்தவர் அக்காலத்துப் பேராக் ரெஸிடெண்டாகிய ஹியூ லோ என்னும் ஆங்கிலேயர். நம்மவரிற் பெரும்பாலோர் இந்நாட்டிற்கு வந்த கதையை அம்மரத்தடியிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தாவர நூலாரிடையே லோவின் பெயர் விளங்குவது ரப்பரால் அன்று, பூச்சியுண்ணும் செடிகளால்.

லோ, லண்டனில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒருவரின் மைந்தர். செடி தேடும் பொருட்டே இளம் பிராயத்தில் போர்னியோவுக்கு வந்தார். பின்னர் லாபுவான் தீவில் உத்தியோகம் பெற்றார். 1851-ல் கினபாலு மலையேறினார். 1858-ல் ஸ்பென்ஸர் செயிண்ட் ஜான் என்பாருடன் மறுபடியும் சென்றார். மேகந் தவழும் அச்சரிவுகளில் அவர் கண்டெடுத்த குடுவைச் செடிகளை ஜோஸப் ஹூக்கர் 1859-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விவரித்தார். ஒன்றிற்கு லோவின் பெயரே இடப்பட்டது. மற்றொன்று, சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் நினைவாக, ‘ராஜா’ எனப் பெயர் பெற்றது. இந்த ராஜாவின் குடுவை 3 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். எலியொன்று அதனுள் மூழ்கிச் செத்துக் கிடந்ததைச் செயிண்ட் ஜான் எழுதி வைத்திருக்கிறார்.

இலையின் நுனி கொடிபோல் நீண்டு வளைந்து குடுவையாகிறது. அதன் விளிம்பில் தேன் சுரக்கும். ஆயின் விளிம்போ வழுக்கும். தவறி விழுந்த எறும்பு மீண்டும் ஏற மாட்டாது. அடியிலுள்ள நீர் அதனைக் கரைத்துவிடும். பசியாற்றிக்கொள்ளவே செடி இவ்வாறு செய்கிறதென எண்ணற்க. ஏனைய செடிகளைப் போலவே இதுவும் வெயிலைக் கொண்டு தன் உணவைச் சமைக்கிறது. தழைச்சத்து அருகிய சதுப்பிலும் பாறையிலும் வேரூன்றியமையால், அச்சத்தைப் பூச்சியினிடமிருந்து பெறுகிறது, அவ்வளவே. சார்லஸ் டார்வின் 1875-ல் இத்தகைய செடிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்கு முந்திய ஆண்டிலோ, மடகாஸ்கர் தீவில் பெண்ணொருத்தியை விழுங்கிய மரம் உண்டென்று நியூயார்க் பத்திரிகையொன்று அச்சிட்டது. அது முழுப் பொய். ஆயினும் டார்வினைக் கற்றோரினும் அப்பொய்யை நம்பினோர் தொகையே பெரிதாயிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

லோவின் பெயர் தாங்கிய செடியின் கதை இதனினும் வேடிக்கையானது. அணிலை ஒத்த மர மூஞ்சூறு அக்குடுவையின் மேலமர்ந்து மூடியில் ஊறும் இனிப்பை நக்குகிறது. நக்கியவாறே உள்ளே எச்சமிடுகிறது. செடிக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும் பகுதி அவ்வெச்சத்திலிருந்தே வருகிறதென 2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. துரையின் பெயர் பெற்ற செடி மூஞ்சூற்றுக்குக் கழிப்பிடமாயிருந்து பிழைக்கிறது! இதில் இழிவு யாதுமில்லை. எருவின் அருமை தோட்டத்து மக்களாகிய நமக்குத் தெரியாததா?

1877 முதல் 1889 வரை லோ பேராக்கில் ரெஸிடெண்டாயிருந்தார். கடனுக்காக மனிதரை அடிமை கொள்ளும் வழக்கம் அவர் காலத்தில் ஒழிந்தது. அதனை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடன்பட்டுக் கப்பலேறிய தமிழர்களை ஒப்பந்தத்தால் கட்டி வைத்த முறை 1910 வரை மலாயாவில் நீடித்ததையும் மறத்தற்கில்லை. அவர் நட்ட ஒன்பது கன்றுகளின் வழியே வந்த தொழிலுக்காகப் பேராக்கின் தாழ்நிலக் காடுகள் வெட்டப்பட்டன. சதுப்புகள் வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டன. குடுவைச் செடிகள் அங்கும் உண்டு. மலாய்க்காரர் அவற்றைப் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை என்பர். அதனுள் புளுட் அரிசியும் தேங்காய்ப் பாலும் இட்டு அவித்து உண்பதும் உண்டு. தோட்டக் கணக்கில் ஏக்கருக்கு இடமுண்டு, மரத்திற்கு இடமுண்டு. குரங்குப் பானைக்கு இடமில்லை. வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. வெட்டச் சொன்ன வாய் வேறு. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனையும் வீட்டு மனைகளும் வந்தபோது, ஓரங்களில் ஒட்டி நின்றவற்றுக்கும் இடம் குறுகிற்று.

அழிந்ததெனக் கைவிடப்பட்ட குடுவைச் செடியொன்று மீண்டும் காணப்பட்ட வரலாறும் உண்டு. 1957-ல் கொஸ்டர்மன்ஸ் என்னும் தாவர நூலார், கிழக்குக் கலிமந்தானில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையொன்றில், மணி வடிவான சிறு குடுவைகளையுடைய செடியைச் சேகரித்தார். 1973-ல் ஜப்பானியராகிய குராத்தா அதற்கு ‘மணியுருவச் செடி’ எனப் பொருள்படும் லத்தீன் பெயரிட்டார். 1982, 1983-ம் ஆண்டுகளின் பெருந் தீயில் அவ்விடம் எரிந்தது. வேறெங்கும் அறியப்படாத செடியாதலின், அதன் கதை முடிந்ததென்றே பலரும் கருதினர். 1997-ல் சியென் லீ என்பார் சரவாக்கின் முலு மலைக் காட்டில், அதே போன்ற சுண்ணாம்புப் பாறைச் சுவரில் அதனைக் கண்டார். செடி ஒளிந்திருக்கவில்லை, அத்தகைய பாறையை அண்ணாந்து நோக்குவோர்தாம் அரியர். முலு காக்கப்பட்ட வனமாதலின், அங்குள்ள பாறைக்குக் கல்லுடைப்போரால் தீங்கில்லை.

அருஞ்செடிகளை விற்போரைத் தடுக்கச் சர்வதேச ஒப்பந்தமொன்று 1975 முதல் நடைமுறையில் உள்ளது. கினபாலுவின் ராஜா 1981-ல் அதன் கடுமையான முதற் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. குடுவைச் செடிகளில் அப்பட்டியலில் உள்ள மற்றொன்று, இந்தியாவின் மேகாலயாவில் வளரும் காசி மலைச் செடி. ஒப்பந்தம் வியாபாரியைத் தடுக்கும். பாறையை உடைப்போரைத் தடுக்காது.

ஈப்போவாசிகளுக்குச் சுண்ணாம்புக் குன்று புதிதன்று. கல்லுமலைக் கோயிலுக்குச் சென்றவர் யாவரும் அத்தகைய பாறைச் சுவரின் அடியில் நின்றவரே. நகருக்கு வடக்கே செம்மோர் அருகிலுள்ள கந்தான் குன்றில் பல்லாண்டுகளாகச் சிமெந்துக்காகக் கல் உடைத்து வந்துள்ளனர். உலகில் அக்குன்றிலன்றி வேறெங்கும் அறியப்படாத மரமொன்று அக்குன்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. 2014-ல் அங்கே புதிய நத்தையொன்றைக் கண்டறிந்த ஆராய்ச்சியாளர், கல்லுடைக்கும் கம்பெனியின் பெயரையே அதற்குச் சூட்டினர்.