சோக இரும்பும் சுகமான வேலையும்: இஸ்திரிப் பெட்டியின் கதை

ஆங்கிலத்தில் அந்தக் காலத்து இஸ்திரிப் பெட்டிக்கு 'சேட் அயர்ன்' என்று பெயர். 'சேட்' என்றால் சோகம் ஆயிற்றே, இரும்புக்கு என்ன சோகம் என்று கேட்கத் தோன்றும். விஷயம் வேறு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கனமானது, கெட்டியானது என்ற பொருளும் உண்டு. கனமான இரும்பு, அவ்வளவுதான். ஆனால் அதைத் தூக்கித் தேய்த்த பெண்களின் கதையைப் படித்தால், சோகம் என்ற பொருளும் பொருத்தமாகத்தான் படுகிறது.

இன்றைக்கோ துணி தேய்ப்பது பிடிக்கும், மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய பேர். கசங்கிக் கிடந்த தலையணை உறை, பெட்டி நகர நகர வழவழவென்று ஆகிறது. தண்ணீர் தெளித்த இடத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம், சூடான பருத்தியின் வாசம், பக்கத்தில் அடுக்கிய சட்டைகள். அரை மணி நேரத்தில் செய்த வேலை கண் முன்னால் தெரிகிறது. எத்தனை வேலைகளில் அப்படித் தெரியும்?

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எளிமையானது. பருத்தி இழை முழுக்க செல்லுலோஸ். அதன் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. அழுத்தித் தேய்த்து ஆறவிட்டால், துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே அவை மறுபடி இறுகுகின்றன. அதாவது சூடு, ஈரம், அழுத்தம். இந்த மூன்றையும் யார் கையால் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதுதான் இஸ்திரியின் வரலாறு.

அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியம் ஒன்று இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் புதிதாக நெய்த பட்டை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருத்தி கரி நெருப்பு போட்ட உலோகப் பாத்திரத்தால் அதைத் தேய்க்கிறாள். விரித்த பட்டுக்கு அடியில் ஒரு சிறுமி குனிந்து விளையாடுகிறாள். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அது அரண்மனை. ஒரு பட்டு, பல கைகள்.

ஊரில் இருந்தவர்கள் கதைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் திங்கள்கிழமை துவைக்கும் நாள், செவ்வாய்க்கிழமை தேய்க்கும் நாள். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள இரும்புக் கட்டியை அடுப்பில் சுட வைக்க வேண்டும். கைப்பிடியும் இரும்பு, அதனால் அதுவும் சுடும். தடித்த துணியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அடியில் கரி ஒட்டியிருந்தால் வெள்ளைத் துணி போச்சு. சில நிமிடங்களில் சூடு ஆறிவிடும், மறுபடி அடுப்பு. கோடைக்காலத்திலும் அடுப்பு எரிந்தே ஆக வேண்டும்.

இதையே கூலிக்குச் செய்தவர்கள் பாடு இன்னும் மோசம். நியூயார்க் மாநிலத்தில் ட்ராய் என்று ஒரு நகரம். சட்டையிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய காலர் 1827ல் அங்கேதான் பிறந்தது. ஹன்னா மாண்டேகு என்ற பெண், கணவரின் சட்டையில் காலர் மட்டுமே அழுக்காவதைப் பார்த்து, அதை வெட்டித் தனியாகத் துவைத்தாராம். பிறகு அதுவே பெரிய தொழிலாகி, காலர்களைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்க சலவைக் கூடங்கள் முளைத்தன. பெண்கள் நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் நின்றார்கள். வாரக் கூலி மூன்று நான்கு டாலர்தான்.

1864 பிப்ரவரியில், அயர்லாந்திலிருந்து குடியேறிய கேட் முல்லனி என்ற பெண் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது முல்லனிக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் இறங்கி வந்து 25 சதவீதக் கூலி உயர்வுக்குச் சம்மதித்தார்கள். 1866ல் அதே ஊரின் இரும்பு வார்ப்புத் தொழிலாளர்கள் போராடியபோது, இந்தப் பெண்கள் சங்கம் 1,000 டாலர் கொடுத்து உதவியது. அன்றைய கூலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய பணம் என்று புரியும். ஆனால் 1869ல் நடந்த அடுத்த பெரிய போராட்டம் தோற்றது. அதற்குள் காகிதக் காலர்களும் சந்தைக்கு வந்திருந்தன.

வீட்டுப் பெண்களின் கையைச் சூட்டிலிருந்து காப்பாற்றிய முதல் பெரிய மாற்றமும் ஒரு பெண்ணிடமிருந்தே வந்தது. அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி பாட்ஸ் 1871ல் காப்புரிமை பெற்றார். கழற்றி மாட்டும் மரக் கைப்பிடியும், இரண்டு பக்கமும் கூரான இரும்பும் அவர் பெயரைச் சொல்லியே விற்றன. ஒரு இரும்பு ஆறினால் அடுப்பில் வைத்துவிட்டு, அதே கைப்பிடியை அடுத்ததில் மாட்டிக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் கை சுடாது!

எடை மட்டும் குறையவில்லை. 1880களில் பாரிஸில் ஓவியர் தெகா வரைந்த படத்தில் இரண்டு சலவைப் பெண்கள். ஒருத்தி இரண்டு கையாலும் அழுத்தித் தேய்க்கிறாள். இன்னொருத்தி வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள். மேரி பாட்ஸின் கைப்பிடியால் அந்தக் கொட்டாவியைத் தடுத்திருக்க முடியாது.

1882ல் நியூயார்க்கின் ஹென்றி சீலி மின்சார இஸ்திரிப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் மின்சாரம் எத்தனை வீட்டில் இருந்தது? பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஒண்டாரியோ நகரில், மின் நிறுவன ஊழியர் ஏர்ல் ரிச்சர்ட்சன் ஒரு காரியம் செய்தார். அப்போது மின்சாரம் விளக்குக்கு மட்டும்தான், அதனால் பகலில் மின் உற்பத்தி கிடையாது. அவர் தான் செய்த பெட்டிகளை வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பெண்களுக்குப் பிடித்துப்போனது. செவ்வாய்க்கிழமை பகலிலும் மின்சாரம் விடும்படி நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்தார். நிறுவனத்துக்கும் லாபம், சும்மா நின்ற இயந்திரம் சம்பாதித்தது. நடுவில் சூடு அதிகம், நுனியில் போதவில்லை, பட்டன் இடுக்கில் தேய்க்க முடியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். நுனி சூடாகும்படி மாற்றினார். 'ஹாட்பாயிண்ட்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பயன்படுத்துபவரிடம் கேட்டுச் செய்த பொருள் என்பதுதான் அதன் வெற்றி.

ஆனாலும் 1935ல்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இல்லை. அங்கே சோக இரும்பே தொடர்ந்தது.

சுகத்தின் உச்சம் 1997ல் வந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபில் ஷா, ஒரு மாலை வீடு திரும்பினார். தேய்க்கத் துணி குவிந்திருந்தது, மனமோ பாறை ஏறப் போக வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துவிட்டார்! 'எக்ஸ்ட்ரீம் அயர்னிங்' என்ற விளையாட்டு பிறந்தது. மலை உச்சியிலும் தண்ணீருக்கடியிலும் பலகையை விரித்துச் சட்டை தேய்த்தார்கள். 2002ல் ஜெர்மனியின் மியூனிக் அருகே உலகப் போட்டியே நடந்தது. ட்ராய் நகரப் பெண்களிடம் இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

காரணம் தெளிவு. பெட்டி லேசாகி, சூடு சொன்னபடி கேட்டு, எப்போது நிறுத்துவது என்பதும் நம் கையில் இருக்கும்போதுதான் தேய்ப்பது சுகம். தெர்மோஸ்டாட் முதல் இரண்டையும் கொடுக்க உதவியது. மூன்றாவதை எந்த இயந்திரமும் கொடுக்காது.

நம் தெருமுனை இஸ்திரி வண்டிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. கரிப் பெட்டி, பல கிலோ கனம், புகை, நாள் முழுக்க நின்ற கால். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021ல் 'எர்த்ஷாட்' பரிசின் இறுதிச் சுற்று வரை சென்றதும் இந்தக் கரியைப் பார்த்துத்தான். அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்டுக்கொண்டே நாலு சட்டை தேய்ப்பது இனிமையான பொழுதுதான், சந்தேகமில்லை. வண்டிக்காரரிடம் சட்டைக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லும் முன், அவருடைய பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.